நாலு புள்ளி மூணாவது தேற்றம்

பொன்மணியின் ஆய்வேட்டில் ஒரு பொய் இருந்தது. அதை அவள் எழுதவில்லை. அவளுடைய நெறியாளர் தனுஷ்கோடி சாரும் எழுதவில்லை. அவள் எழுதியது என்னவோ உண்மைதான். அதிலிருந்து ஒரே ஒரு சொல்லைச் சார் உருவி எடுத்தார், மிச்சம் இருந்தது பொய்யாகிவிட்டது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் சாலையோரமாக இருக்கிற ஒரு தனியார் கல்லூரியில் பொன்மணி பதினோரு வருஷமாகக் கணக்கு நடத்தி வந்தாள். அந்த வருஷம் பங்குனியில் நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஜூன் முப்பதாம் தேதிக்குள் முனைவர் பட்டம் வாங்காத உதவிப் பேராசிரியர்கள் நன்றியுடன் விடுவிக்கப்படுவார்கள் என்று அதில் கண்டிருந்தது. நன்றி என்ற சொல்லை அந்த நிர்வாகம் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அப்போதுதான் வாயில் எடுத்தது. பொன்மணி ஏழு வருஷம் ஆராய்ச்சி செய்து, ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்தாள். தேர்வு ஜூன் பன்னிரண்டு. பட்டம் வந்தால் வேலை நிலைக்கும், வராவிட்டால் வீட்டில் உட்கார்ந்து பத்தாம் வகுப்புக்கு டியூஷன் எடுக்க வேண்டியதுதான்.

தலைப்பு முழ நீளம்: செமிசிம்பிள் இயற்கணிதக் குலங்களில் இணைவகுப்புகளும் மாறாச் சார்புகளும். யாராவது தெரியாத்தனமாக அர்த்தம் கேட்டுவிட்டால் பொன்மணி கோபுரத்தைக் காட்டுவாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் ராஜபாளையம் சாலையிலிருந்து பார்த்தால் ஒரு மாதிரி, வத்திராயிருப்பு சாலையிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி. நிற்கிற இடம்தான் வேறு, கோபுரம் ஒன்றுதான். அப்படி இடம் மாறிப் பார்த்தால் ஒன்றுபோல் ஆகிற கணக்குகளை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டினால் அது ஒரு இணைவகுப்பு. எங்கே நின்று எண்ணினாலும் கோபுரத்துக்கு நிலை பதினொன்று என்று வருகிறதே, அந்த மாதிரி இடத்துக்கு இடம் மாறாத விடையைத் தருவது மாறாச் சார்பு. கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, “இதனால என்ன பிரயோசனம் மேடம்?” என்பார்கள். அவர்களும் ஒரு வகையில் மாறாச் சார்புகள்தான்.

அவளுடைய ஆய்வேட்டில் நாலு புள்ளி மூணாவது தேற்றம் அவள் கண்டுபிடித்ததல்ல. உலகத்துக்குப் பல வருஷமாகத் தெரிந்தது. இரண்டு செமிசிம்பிள் உறுப்புகளுக்கு எல்லா மாறாச் சார்புகளும் ஒரே விடையைத் தந்தால், அவை ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. இதன் தலையில்தான் நாலாம் அத்தியாயமும் ஐந்தாம் அத்தியாயமும் ஏறி உட்கார்ந்திருந்தன.

தை மாதம் ஆய்வேட்டை எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேரில் போட்டார்கள். மற்றவர்கள் எழுதியதோடு பத்து சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகக் கூடாது என்பது விதி. பொன்மணிக்குப் பதிமூன்று வந்தது. உண்மையை எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதித் தொலைப்பார்கள், அதற்கு அவள் என்ன செய்வாள்? தனுஷ்கோடி சார் சிவப்பு வரிகளைப் பார்த்தார். சாரிடம் எட்டுப் பேர் ஆராய்ச்சி செய்தார்கள். யார் எதைச் செய்கிறார்கள் என்பது அவருக்கு முகத்தோடு சேர்த்து ஞாபகம் இருக்காது, ஆனால் சதவீதம் மட்டும் விரல் நுனியில் இருக்கும்.

“ஏம்மா, இந்த செமிசிம்பிள்னு ஒண்ணு பக்கத்துக்குப் பக்கம் வருதே, அதுதான் வில்லங்கம்,” என்றார். உறுப்புகளுக்கு முன்னால் வந்த நாற்பத்தோரு செமிசிம்பிளையும் கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் எடுத்தார். தலைப்பில் இருந்ததை மட்டும் விட்டுவைத்தார். தலைப்பை மாற்றப் பல்கலைக்கழகத்துக்குத் தனி மனு போட வேண்டும். சாஃப்ட்வேர் ஒன்பது என்றது. பொன்மணிக்கு அன்று மூன்று வகுப்பும் ஒரு அட்மிஷன் ஊர்வலமும் இருந்தன. திருப்பிப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தப்பு அவளுடையதுதான்.

ஜூன் ஒன்பதாம் தேதி சாயங்காலம் அவள் கணவன் விஜயபாண்டி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு யூனிட்டில் அவன் சோதனை பார்க்கிறவன். துணியின் மேல் சின்ன லென்ஸை வைத்து அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவது அவன் வேலை.

“ரெண்டாயிரம் மீட்டர் திரும்பி வந்திருச்சு பொன்மணி. மானம் போச்சு.”

“எண்ணிப் பாக்கலையா?”

“எண்ணாம இருப்பனா? பாவு எம்புட்டு, ஊடை எம்புட்டு, அம்புட்டும் சரியா இருக்கு. நல்ல துணிக்கு என்ன கணக்கு வருமோ அதே கணக்குதான் இதுக்கும் வருது. ஆனா துணி கோணிக்கிட்டுப் போயிருக்கு. இங்க பாரு.”

பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தரையில் விரித்தான். நீளவாக்கில் பாவு நேராக ஓட, குறுக்கே போகிற ஊடை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறியிருந்தது. நல்ல துணி ஒன்றைப் பக்கத்தில் போட்டான். “லென்ஸுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கையில சுத்திப் பாத்தாதான் தெரியும். இது முறுக்கிக்கிட்டு நிக்கும்.”

பொன்மணி அடுப்பை அணைத்தாள். போய் ஆய்வேட்டை எடுத்து வந்து நாலாம் அத்தியாயத்தைத் திறந்தாள். இரண்டு உறுப்புகளுக்கு எல்லா மாறாச் சார்புகளும் ஒரே விடையைத் தந்தால், அவை ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. நடுவில் ஒரு சொல் இருக்க வேண்டும். இல்லை.

ஒரு காகிதத்தில் அலகு அணியை எழுதினாள். மூலைவிட்டத்தில் இரண்டு ஒன்று, மற்ற இடத்தில் சைபர். அது எதையும் அசைக்காது. பக்கத்தில் அதையே எழுதி, வலது மேல் மூலைச் சைபரை மட்டும் ஒன்றாக்கினாள். இது துணியைக் கோணலாக இழுக்கிற அணி; செமிசிம்பிள் என்ற சொல் வெளியே நிறுத்துவது இந்தக் கோணலைத்தான். மூலைவிட்டக் கூடுதல் இரண்டுக்கும் இரண்டு. அணிக்கோவை இரண்டுக்கும் ஒன்று. எந்த மாறாச் சார்பைப் போட்டாலும் ஒரே விடை. ஆனால் இரண்டும் ஒரே வகுப்பு இல்லை. சும்மா இருக்கிறவனை எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அவன் சும்மாதான் இருப்பான், கோணல் ஆக மாட்டான். ஒரு சொல்லை உருவியதில் ரெண்டு அத்தியாயம் பாழ்.

தனுஷ்கோடி சாருக்குப் போன் போட்டாள். “சார், நாலு புள்ளி மூணு தப்பு.”

“நாலு புள்ளி மூணா? ஒம்பதுன்னுல்ல வந்துச்சு.”

“சதவீதம் இல்ல சார். தேற்றம். அந்தச் சொல்லைத் திருப்பிச் சேக்கணும்.”

“சேத்தா எம்புட்டு வரும்?”

“பதிமூணு.”

“பதிமூணு வந்தா திருப்பிச் சமர்ப்பிக்கணும். ஆறு மாசம். ஜூன் முப்பது எங்க இருக்கு, நீ எங்க இருக்க? ஏம்மா, வெளித் தேர்வாளர் ரெண்டு பேர் படிச்சு ஓகேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அவிய கண்ணுல படாதது உன் கண்ணுல மட்டும் ஏன் படுது? பன்னெண்டாம் தேதி முடியட்டும், பொறவு பாப்போம்.”

பொறவு என்பது சாரின் அகராதியில் காலத்தைக் குறிப்பதல்ல என்பது பொன்மணிக்குத் தெரியும். அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். தப்பென்று தெரிந்தும் அதற்குப் பட்டம் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் பிள்ளைகளிடம் ‘ஸ்டெப்பு விட்டா மார்க் கிடையாது’ என்று எந்த மூஞ்சியோடு சொல்வது என்ற கூச்சம் இன்னொரு பக்கம். கூச்சம்தான் கொஞ்சம் கனமாக இருந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு அந்த வட்டாரக் கல்லூரிகளில் ஒரு சம்பிரதாயம் உண்டு. பொது அரங்கில் நடக்கிற தேர்வு, யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள் என்பதால், தேர்வுக்கு நிற்கிறவரே கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி நாலைந்து பேரிடம் முந்தின நாளே கொடுத்துவிட வேண்டும். அவர்கள் எழுந்து, அப்போதுதான் தோன்றியதுபோல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வாசிப்பார்கள். பதில் தயாராக இருக்கும். அந்த ஆண்டு அந்த அரங்கில் ஏற்கெனவே நடந்த மூன்று தேர்விலும், பருத்தியானாலும் பொருளாதாரமானாலும், முதல் கேள்வி ‘இந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என்ன’, கடைசிக் கேள்வி ‘இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன்’.

பதினோராம் தேதி பொன்மணி நாலு சீட்டு எழுதினாள். மூன்றில் வழக்கமான கேள்விகள். நாலாவதில் இப்படி எழுதினாள்: தேற்றம் நாலு புள்ளி மூணு தவறல்லவா? அலகு அணிக்கும், அதன் வலது மேல் மூலையில் ஒன்று போட்ட அணிக்கும் எல்லா மாறாச் சார்புகளும் ஒரே விடை தருகின்றன. ஆனால் அவை ஒரே வகுப்பல்லவே? தானாகப் போய்ச் சொன்னால் சார் பாதியில் மைக்கைப் பிடுங்கிவிடுவார். கேள்வியாக வந்துவிட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். அந்தச் சீட்டைத் தன் துறையிலேயே இருக்கிற பிரேம்குமாரிடம் கொடுத்தாள். அவனும் தனுஷ்கோடி சாரிடம் ஆராய்ச்சி செய்கிறவன்.

“படிச்சுப் பாத்துக்கோங்க பிரேம்.”

“அதெல்லாம் கணீர்னு வாசிச்சிருவேன் மேடம்,” என்று மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். படிக்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி காலை ரயிலில், தேர்வு நடத்த வேண்டிய வெளித் தேர்வாளர், எக்ஸ்டர்னல், வந்து இறங்கினார். பேராசிரியர் உக்கிரபாண்டி. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை, சாந்தமான மனிதர். அவரை அழைத்துப் போய் ஆண்டாளைச் சேவித்து, இலையில் செய்த கிளிப் பிரசாதம் வாங்கி, அப்படியே ஊருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்ற பெயரில் இருக்கிற மலைப் பெருமாளையும் பார்த்துவிடலாம் என்று தனுஷ்கோடி சார் திட்டம் போட்டிருந்தார். மலைப்படியில் சார் நாலு படி முன்னே போக, பொன்மணி எக்ஸ்டர்னலின் பக்கத்தில் வந்தாள்.

“சார், நாலாம் அத்தியாயத்துல ஒரு விஷயம்.”

“நல்லா எழுதியிருக்கீங்கம்மா. பைண்டிங் ரொம்ப நீட்டா இருந்துச்சு,” என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே. “இங்க பால்கோவா ஊருக்குள்ள வாங்கணுமா, ஸ்டேஷன் பக்கமே கிடைக்குமா?”

தரிசனம் முடிந்து கல்லூரி விருந்தினர் அறையில் இட்லி, வடை. அதற்குப் பிறகு அரங்கம். இருநூறு பிள்ளைகளை வருகைப்பதிவைக் காட்டிப் பயமுறுத்தி உட்கார வைத்திருந்தார்கள், முக்கால்வாசி பி.காம். எக்ஸ்டர்னலுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்மணி நாற்பது நிமிஷம் பேசினாள். எக்ஸ்டர்னல் முதல் பத்து நிமிஷம் ஆண்டாளைச் சேவித்த அதே கண்களோடு கேட்டார், மீதி முப்பது நிமிஷம் அந்தக் கண்களை மூடிக்கொண்டார்.

கேள்வி நேரம் வந்தது. முதல் மூன்று சீட்டும் முறையாக வந்துபோயின. பிரேம்குமார் எழுந்தான். மைக்கை வாங்கினான். சீட்டை விரித்து, ஒவ்வொரு சொல்லாக, சொன்னபடியே கணீரென்று வாசித்தான். “தேற்றம் நாலு புள்ளி மூணு தவறல்லவா?”

தனுஷ்கோடி சாரின் கையிலிருந்த காபி தட்டில் சிந்தியது. எக்ஸ்டர்னல் கண்ணைத் திறந்தார். பொன்மணி கரும்பலகைக்குப் போய் இரண்டு அணிகளையும் எழுதினாள். கூடுதலைக் காட்டினாள், அணிக்கோவையைக் காட்டினாள். ஒன்று அசையாது, மற்றொன்று கோணும் என்று கையால் செய்து காட்டினாள். பிறகு அரங்கத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“ஆமாம். தேற்றம் தவறு. செமிசிம்பிள் என்ற சொல் இல்லாமல் அது நிற்காது. அந்தச் சொல் ஆய்வேட்டில் விட்டுப்போய்விட்டது. அதனால் நாலாம், ஐந்தாம் அத்தியாயங்கள் இப்போது இருக்கிற நிலையில் சரியில்லை. பொறுப்பு என்னுடையது.”

ஜூன் முப்பதாம் தேதி அவள் கண்முன் வந்து நின்றது. நிற்கட்டும் என்று நினைத்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது.

எக்ஸ்டர்னல் மைக்கை எடுத்தார். “அருமையான கேள்வி. அதைவிட அருமையான பதில். இந்த மாதிரி ஆழமான விவாதத்தை நான் சமீபத்துல பாக்கல.” கை தட்டினார். கண்ணெதிரே எக்ஸ்டர்னல் தட்டியதால் தனுஷ்கோடி சார் தட்டினார். சார் தட்டியதால் துறை தட்டியது, துறை தட்டியதால் இருநூறு பிள்ளைகளும் தட்டி விசில் அடித்தார்கள். “கடைசியா ஒண்ணும்மா,” என்றார் எக்ஸ்டர்னல். “இதனால சமுதாயத்துக்கு என்ன பயன்?”

பொன்மணி வாயைத் திறந்தாள். சொல்ல நினைத்தது வேறு. மனப்பாடம் செய்திருந்ததுதான் வந்தது: வங்கிப் பரிமாற்றங்களைப் பாதுகாக்கப் பயன்படும்.

அறிக்கையை வாசித்தார்கள். தேர்வர் எல்லாக் கேள்விகளுக்கும் திருப்திகரமாகப் பதிலளித்தார், திருத்தங்கள் ஏதும் தேவையில்லை, முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. தனுஷ்கோடி சார் அவளைத் தனியே கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள்.

“கெட்டிக்காரிம்மா நீ. கஷ்டமான கேள்விய நாமளே கேக்க வச்சிட்டா வேற எவனும் கேக்க மாட்டான். இதை மத்த ஏழு பேருக்கும் சொல்லிக் குடுக்கணும்.”

ஸ்டேஷனுக்குப் போகிற காரில் பொன்மணி கடைசி முயற்சியாகக் கேட்டாள். “சார், அறிக்கைல திருத்தம் தேவைன்னு ஒரு வரி மட்டும் எழுதிருங்க. நான் திருத்திக் குடுத்திருதேன்.”

உக்கிரபாண்டி பால்கோவாப் பெட்டிகளை மடியில் சரிபார்த்துக்கொண்டே உண்மையான பரிவோடு அவளைப் பார்த்தார். “அறிக்கைல காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டேனேம்மா. இட்லி சாப்பிடும்போதே உங்க சார் நீட்டிட்டாரு.”

அவள் அரங்கத்தில் எதைச் சொல்லியிருந்தாலும், சொல்லாமலே இருந்திருந்தாலும் அதே வரிதான் வந்திருக்கும். அவள் கார் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பட்டம் உறுதியானது. ஜூன் இருபத்தெட்டாம் தேதி நிர்வாகம் இன்னொரு சுற்றறிக்கை விட்டது. முனைவர் பட்டத்துக்கான கெடு ஒரு வருஷம் நீட்டிக்கப்படுகிறது. அதில் நன்றி இல்லை.

திருத்தம் தேவையில்லை என்று அறிக்கை சொல்லிவிட்டதால், ஆய்வேட்டில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற விதி இடம் தரவில்லை. பொன்மணி கல்லூரி நூலகத்துக்குப் போனாள். தன் ஆய்வேட்டை எடுத்து, ஊதாப் பேனாவால் நாலு புள்ளி மூணில் அந்த ஒரு சொல்லைச் செருகினாள். பிறகு பக்கம் பக்கமாகப் போய் மற்ற நாற்பது இடத்திலும் செருகினாள். நூலகர் அழகுத்தாய் தலை தூக்கினாள்.

“மேடம், புத்தகத்துல எழுதக் கூடாது.”

“இது நான் எழுதினதுதான் அழகு.”

“யார் எழுதினா என்ன மேடம், எழுதக் கூடாது,” என்று சொன்னாலும் அழகுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நல்ல பெண்.

அடுத்த வருஷம் சித்திரையில் பிரேம்குமார் தன் ஆய்வேட்டைக் கொண்டுவந்து பொன்மணியின் மேஜையில் வைத்தான். அவனுடைய ஆய்வுக்குழுவில் இப்போது அவளும் உறுப்பினர், முனைவர் அல்லவா. இரண்டாம் அத்தியாயத்தில் ‘பொன்மணி, தேற்றம் 4.3’ என்று மேற்கோள் காட்டியிருந்தான். அந்தச் சொல் இல்லை. அதன் தலையில் மூன்று அத்தியாயம் ஏறியிருந்தது.

“பிரேம், நீங்கதானே அன்னைக்கு எந்திரிச்சு இது தப்பான்னு கேட்டீங்க?”

“நீங்க எழுதிக் குடுத்தீங்க, வாசிச்சேன் மேடம்.”

“சரி, நூலகப் பிரதில பேனாவால சேத்து வச்சிருக்கேனே. அதையாவது பாக்கலையா?”

பிரேம்குமார் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தான். “அது நீங்களா மேடம்? எவனோ பய உங்க ஆய்வேட்டுல கிறுக்கி வச்சிருக்கான்னு நெனச்சேன். எனக்கு மனசு கேக்கல. ஒரு நா பூரா உக்காந்து நாப்பத்தோரு எடத்துலயும் ஒயிட்னர் போட்டு அழிச்சிட்டேன்.”

அவன் அதை மரியாதையாகத்தான் செய்திருந்தான். அதுதான் பொன்மணிக்குத் தாங்கவில்லை. கோபப்படவும் முடியவில்லை, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து அவனுடைய பிரதியில் அந்தச் சொல்லை எழுதினாள்.

“மேடம், சதவீதம் இப்ப எட்டு இருக்கு. இதைச் சேத்தா பத்தைத் தாண்டிரும்.”

“தாண்டட்டும். இல்லைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அவன் தனுஷ்கோடி சாரிடம் போனான். ஒரு வாரத்தில் ஆய்வுக்குழுவில் பொன்மணிக்குப் பதில் வேறொருவர் வந்தார். ஆவணியில் பிரேம்குமாரும் முனைவர் ஆனான். அவன் அறிக்கையிலும் எல்லாக் கேள்விகளுக்கும் திருப்திகரமான பதில், திருத்தங்கள் ஏதும் தேவையில்லை. கல்லூரி வாசலில் இருக்கிற பலகையில் இருவர் பெயரும் அடுத்தடுத்து, ஒரே அளவு எழுத்தில், ஒரே மஞ்சள் பெயிண்டில் இருக்கின்றன.

பிரேம்குமார் பெயர் பலகையில் ஏறிய அன்று சாயங்காலம் அவளை அழைத்துப் போக பைக்கில் வந்த விஜயபாண்டி அந்தப் பலகையை நின்று பார்த்தான். நடந்தது முழுக்க அவனுக்குத் தெரியும்.

“லென்ஸுக்கு ரெண்டும் ஒண்ணுதான்,” என்றாள் பொன்மணி.

அவன் பைக்கைக் கிளப்பினான். “எங்க துணியாச்சும் பரவால்லட்டி. எவனாவது புண்ணுல சுத்துவான், கோணல் தெரிஞ்சிரும். உங்க சரக்க யாரு எடுத்து எங்க சுத்தப் போறான்?”